நாந்த் நகரில் சல்லிக்காசு செலவில்லாமல் ஒரு ஞாயிறு

ஆன்சைட்னு வெளிநாட்டுக்கு வந்து தனியாக் குப்பை கொட்டுற எல்லாருக்கும் தெரியும், வாரத்திலேயே ரொம்ப நீளமான நாள் ஞாயித்துக்கிழமைதான். அதுவும் பிரான்ஸ்ல கேக்கவே வேணாம். கடைங்க பெரும்பாலும் மூடிக் கிடக்கும். தெருவுல நாயை நடத்திக்கிட்டுப் போற தாத்தாவும், கையில நீளமான ரொட்டியோட போற பாட்டியும் தவிர ஈ காக்கா இருக்காது. ரூம்ல உக்காந்து துணி துவைச்சு, சாம்பார் வெச்சு, பழைய வடிவேலு காமெடி பாத்து முடிச்சாலும் மணி பதினொண்ணைத் தாண்டாது.

நான் இருக்கிற ஊர் நாந்த். எழுதுறப்ப கடைசியில ஒரு எஸ் வரும், ஆனா வாயில வரக்கூடாது. பிரெஞ்சுக்காரங்க பாதி எழுத்தை அலங்காரத்துக்கு வெச்சிருக்காங்க. நம்ம டீம்ல புதுசா வந்த பையன் 'நான்ட்டஸ்'னு சொல்லி ரெண்டு வாரம் காபி மெஷின் பக்கம் தலைகாட்ட முடியாமத் திரிஞ்சான் :-)

பிரான்ஸ் மேற்குப் பக்கம், லுவார் ஆறு கடல்ல சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கிற ஊர். ஜூல்ஸ் வெர்ன் 1828ல பொறந்தது இங்கதான். பெரிய பார்க், சின்ன பார்க்னு நெறைய தோட்டங்க. எல்லாத்துக்கும் நுழைவு இலவசம். 2021 ஏப்ரல் 24லேர்ந்து சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ட்ராம், பஸ் எல்லாம் இலவசம்னு ஆக்கிட்டாங்க. டிக்கெட் கூட வேணாம், ஏறி உக்கார வேண்டியதுதான். அதனால மார்ச் மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு சபதம் எடுத்தேன். இன்னிக்கு முழுக்க சுத்தணும், ஒரு சென்ட் கூட செலவு பண்ணக்கூடாது. டப்பாவுல எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பாட்டில்ல குழாய்த் தண்ணி. கிளம்பியாச்சு.

முதல்ல ட்ராம் பத்தி கொஞ்சம்

பொறியியல் படிச்சவனுக்கு ட்ராமைப் பாத்தா நாலு வரி எழுதாம இருக்க முடியாது, பொறுத்துக்கோங்க. இந்த ஊர்ல 1879லேயே ட்ராம் ஓடுச்சு. குதிரையில்ல, மின்சாரமில்ல, அழுத்தி அடைச்ச காத்துல! மெகார்ஸ்கிங்கிற பொறியாளரோட அமைப்பு. தொட்டியில அடைச்ச காத்தை வெந்நீர் வழியா விட்டு சூடாக்கி எஞ்சினுக்கு அனுப்புவாங்க. பின்னாடி மின்சார ட்ராம் வந்துச்சு, அப்புறம் எல்லா ஊரையும் போல இங்கயும் காரும் பஸ்ஸும் போதும்னு முடிவு பண்ணி 1958ல ட்ராமை மூடிட்டாங்க.

திரும்ப ட்ராம் வேணும்னு பிடிவாதமா நின்னவர் அலேன் ஷெனார்ங்கிற மேயர். ஊரைத் தோண்டிப் போட்டதுல ஜனங்களுக்குக் கடுப்பு. 1983 தேர்தல்ல மனுஷன் தோத்துட்டார். ட்ராம் ஓட ஆரம்பிச்சது 1985 ஜனவரியில. மூடின ட்ராமை முதல்ல திரும்பக் கொண்டுவந்த பிரெஞ்சு நகரம் இதுதான். இதைப் பாத்துதான் கிரெனோபிள், ஸ்ட்ராஸ்பர்க்னு ஒவ்வொரு ஊரா இறங்குச்சு. நான் இருக்கிறது அந்த ஒண்ணாம் நம்பர் லைன்ல, கிழக்குப் பக்கம். அன்னிக்கு முழுக்க சுத்துனதுல பெரும்பாலான இடம் இந்த ஒரே லைன்ல வரும். சோம்பேறிகளுக்கு உகந்த சுற்றுலா.

நிறுத்தம் ஒண்ணு: செடிங்க வந்த கதை

ரயில் நிலையத்துக்கு வடக்குப் பக்கம் இறங்கினா எதுத்தாப்புலயே 'ஜார்தேன் தே ப்ளாந்த்', அதாவது தாவரத் தோட்டம். மார்ச்ல போனா கமீலியா பூத்துக் குலுங்கும். சிவப்பு, வெள்ளை, ரோஸ், ரெண்டும் கலந்ததுன்னு நூத்துக்கணக்கான செடி. பாத்தா ரோஜா மாதிரி இருக்கும், கிட்டப் போய் மோந்து பாத்தா பெரும்பாலானதுல வாசனையே இருக்காது. பூ உதிர்றப்ப இதழ் இதழா உதிராம, முழுப் பூவாத் தரையில விழும். செடிக்குக் கீழ யாரோ கோலம் போட்டு வெச்ச மாதிரி இருந்துச்சு.

குழந்தைங்க புத்தகம் எழுதுற க்ளோத் போந்தி வடிவமைச்ச ராட்சச பெஞ்ச் ஒண்ணு இருக்கு. அதுல ஏற ஒரு குட்டிப் பாப்பா முயற்சி பண்ணிக்கிட்டே இருந்துச்சு. அவங்க அப்பா தூக்கி விடாம நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தார். நம்ம ஊரா இருந்தா இந்நேரம் நாலு பேரு ஓடிப் போய்த் தூக்கி விட்டிருப்போம்.

நான் தேடிப் போனது ஒரு மரத்தை. மக்னோலியா. 1807ல நட்டது, அப்ப தோட்டத்தைப் பாத்துக்கிட்ட எக்தோ பேர்ல அதைக் கூப்பிடுறாங்க. பலா இலை மாதிரி தடிச்ச, பளபளன்னு இருக்கிற இலை, பின்பக்கம் துருப்பிடிச்ச நிறம். பூக்குறது கோடையில, அதனால இலையை மட்டும் பாத்துட்டு நின்னேன். இரண்டு நூற்றாண்டுக்கு மேல ஒரே இடத்துல நிக்கிற மரத்துக்கு முன்னாடி நிக்கிறப்ப வாய் தானா மூடிக்குது.

இந்த மரத்துக்கு முன்னாடி இன்னொரு மக்னோலியாவோட கதை இருக்கு. 1711ல அமெரிக்காவிலேர்ந்து ஒரு மக்னோலியாக் கன்னு இந்த ஊருக்குக் கப்பல்ல வந்துச்சாம். வரவழைச்சவர் ரெனே தார்கிஸ்தாத்ங்கிற கப்பல் முதலாளி, பின்னாடி இந்த ஊர் மேயராவும் இருந்தவர். ஊருக்கு வெளியில அவரோட மாளிகையில, குளிர் தாங்காதுன்னு கட்டடத்துக்குள்ளேயே இருபது வருஷம் வெச்சிருந்தாங்க. பூக்கவே இல்லை. தூக்கிப் போடச் சொன்னப்ப, தோட்டக்காரர் பொண்டாட்டி கெஞ்சி வாங்கி, வெளியில சுவர் ஓரமா மண்ணுல நட்டாங்க. மரம் வளந்து, தாமரை அளவுக்கு வெள்ளைப் பூவாப் பூத்துக் கொட்டுச்சாம். வழிவழியாச் சொல்ற கதை. எல்லா ஊர்லயும் செடி வளக்கிற சூட்சுமம் வீட்டம்மாக்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு.

சரி, செடிங்க எப்படி இவ்வளவு தூரம் வந்துச்சு? 1726ல ராஜா பதினஞ்சாம் லூயி ஒரு ஆணை போட்டார். நாந்த் துறைமுகத்துலேர்ந்து போற கப்பல் கேப்டன்கள் எல்லாம் திரும்பி வர்றப்ப வெளிநாட்டு விதையும் செடியும் கொண்டுவந்து இந்த ஊர் மூலிகைத் தோட்டத்துக்குக் குடுக்கணும். இன்னிக்கு இருக்கிற தோட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டுல அமைச்சது. ஆனா இந்த ஊருக்குச் செடிப் பித்து ஏறினது அந்தக் கப்பல்களாலதான்.

அந்தக் கப்பல்கள் எங்க போய்ட்டு வந்துச்சுங்கிறதுதான் விஷயம். அதுக்கு இன்னும் ரெண்டு நிறுத்தம் இருக்கு. அதுக்கு முன்னாடி சாப்பாடு.

நிறுத்தம் ரெண்டு: ஆறு இருந்த இடத்துல ட்ராம்

கொமெர்ஸ் நிறுத்தத்துல இறங்கி ரெண்டாம் நம்பர் லைன் மாறினேன். இந்த ஊர்ல ட்ராம் ஓடுற பாதி இடம் ஒரு காலத்துல ஆறு. லுவார் ஆத்தோட கிளைகளைப் போன நூற்றாண்டு முற்பாதியில மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க. கொமெர்ஸ் பக்கத்துல ஃபேதோ தீவுன்னு ஒண்ணு இருக்கு. பேர்லதான் தீவு, சுத்திலும் தண்ணியில்ல, புல்லும் ரோடும்தான். பதினெட்டாம் நூற்றாண்டுப் பணக்காரங்க கட்டின வீடுங்க ஆத்து மணல்ல இறங்கி, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டு நிக்கும், தீபாவளி ட்ரெயின்ல தூங்குறவங்க மாதிரி. ரெண்டாம் நம்பர் ட்ராம் போற அகலமான வீதியும் எர்த்ர்ங்கிற ஆறு ஓடின தடம்தான். அந்த ஆத்தை சுரங்கத்துக்குள்ள திருப்பி விட்டுட்டாங்க.

ஸேன் மியெல் நிறுத்தத்துல இறங்கி பாலத்தைத் தாண்டினா வெர்சாய் தீவு. இது நெசமாவே தீவு. 1987ல இதை ஜப்பானியத் தோட்டமா மாத்தினாங்க. பாறை, சின்ன அருவி, மூங்கில், மரப்பாலம். தண்ணியில வாத்து, படகு. பெஞ்ச்ல உக்காந்து எலுமிச்சை சாதத்தைத் திறந்தேன்.

பக்கத்து பெஞ்ச்ல எண்பது வயசு இருக்கும் ஒரு பாட்டி. தாளிச்ச வாசனைக்குத் திரும்பிப் பாத்து "பொன் அப்பெத்தி" (நல்லாச் சாப்பிடுங்க) சொன்னாங்க. எங்கேர்ந்து வரேன்னு கேட்டாங்க. குறிஞ்சிப்பாடின்னு சொன்னாப் புரியவா போகுது? கடலூர்னாலும் புரியாது. "பாண்டிச்சேரி பக்கத்துல"ன்னேன். பாட்டி முகம் பிரகாசமாயிடுச்சு. கண்ணை மூடிக்கிட்டு ராகம் போட்டு ஒப்பிச்சாங்க: "பொந்திஷெரி, ஷாந்தெர்நகோர், யானவோன், காரிகால், மாஹே!" பிரெஞ்சுக்காரங்களோட இந்தியாவுல இருந்த அஞ்சு ஊர். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ண வெப்பாங்களாம். நாம கடையெழு வள்ளல்களை மனப்பாடம் பண்ண மாதிரி. எழுபது வருஷம் கழிச்சும் வரிசை மாறலை.

"அங்கேர்ந்து என்ன வந்துச்சுன்னு சொல்லிக் குடுத்தாங்களா?"ன்னு என்னோட உடைஞ்ச பிரெஞ்சுல கேட்டேன். பாட்டி யோசிச்சாங்க. "துணி"ன்னாங்க. "மிளகு. அப்புறம்... ஊர்ப் பேரு மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

நிறுத்தம் மூணு: தரையில் பதிச்ச கண்ணாடி

திரும்ப ஒண்ணாம் நம்பர் லைன், மெதியாதெக் நிறுத்தம். அங்கேர்ந்து ஆத்தங்கரையோரமா நடந்தா நடைபாதை நெடுக தரையில சின்னச் சின்னக் கண்ணாடிப் பாளம் பதிச்சிருக்கு. செடிங்களுக்கு நடுவுல, ஒழுங்கில்லாம, இறைச்சு விட்ட மாதிரி. ஒவ்வொண்ணுலயும் ஒரு கப்பல் பேரு, ஒரு தேதி. மொத்தம் 2000 பாளம். அதுல 1710ல நாந்த் துறைமுகத்துலேர்ந்து அடிமை வியாபாரத்துக்குக் கிளம்பின கப்பல் பயணங்கள். மிச்சம் 290ல அந்தக் கப்பல்கள் போய் நின்ன துறைமுகங்களும் வியாபாரத் தலங்களும்.

பிரான்ஸோட மிகப் பெரிய அடிமை வியாபாரத் துறைமுகம் இந்த ஊர். இங்கேர்ந்து சரக்கை ஏத்திக்கிட்டு ஆப்பிரிக்கக் கரைக்குப் போவாங்க. சரக்கைக் குடுத்து ஆட்களை வாங்குவாங்க. அவங்களை அட்லாண்டிக் தாண்டி கரீபியன் தீவுகள்ல வித்துட்டு, சர்க்கரை, காபி ஏத்திக்கிட்டு ஊர் திரும்புவாங்க. பிளாக்பியர்டுங்கிற கடற்கொள்ளைக்காரன் 1717ல பிடிச்சுத் தன்னோட கப்பலா மாத்திக்கிட்டது கூட லா கோன்கோர்துங்கிற நாந்த் அடிமைக் கப்பல்தான். மக்னோலியா வரவழைச்ச தார்கிஸ்தாத் இந்த வியாபாரத்துல இருந்தவர். கேப்டன்கள் ராஜா ஆணைப்படி விதை கொண்டுவந்தது இந்த மாதிரிப் பயணங்கள்லயும் சேத்துத்தான். அடித்தளத்துல ஆளை அடைச்சு, வர்ற வழியில ஒரு தொட்டிச் செடிக்கு குடிதண்ணி ஊத்திக் காப்பாத்திக் கொண்டுவந்திருப்பாங்க. செடிக்கு ஊத்துன அளவு தண்ணி ஆளுக்குக் கிடைச்சிருக்குமா?

படி இறங்கினா கரைக்கு அடியில ஒரு நீளமான சுரங்க வழி. ஒரு பக்கம் காங்கிரீட் தூண்களுக்கு நடுவுல ஆறு தெரியும், தண்ணி கரையில மோதுற சத்தம் கேக்கும். இன்னொரு பக்கம் சாஞ்ச மாதிரி கண்ணாடிப் பலகை, அதுல பல காலத்து, பல நாட்டு ஆட்கள் அடிமைத்தனத்தைப் பத்தி எழுதின வாசகங்கள். 'சுதந்திரம்'ங்கிற ஒரு வார்த்தை பல மொழிகள்ல. இதுக்கும் டிக்கெட் கிடையாது. இருந்த பத்துப் பன்னெண்டு பேரும் பேசவே இல்லை.

இது திறந்தது 2012 மார்ச்ல. பிரான்ஸ் அடிமைமுறையை ஒழிச்சது 1848ல. நடுவுல 164 வருஷம். ஊர் ரொம்ப காலம் இதைப் பத்தி வாயே திறக்கலை. 1992ல கோட்டையில ஒரு பெரிய கண்காட்சி வெச்சப்பதான் பேச்சே ஆரம்பிச்சுது. ஒத்துக்கிறதுக்கு நேரம் எடுத்துக்கிட்டாங்க, ஆனா ஒத்துக்கிட்டாங்க. அதுவும் ஞாயித்துக்கிழமை நடை போற வழியிலேயே பதிச்சு வெச்சிருக்காங்க. குனியாமப் போக முடியாது.

அந்தச் சரக்கு என்ன?

'சரக்கைக் குடுத்து ஆட்களை வாங்குவாங்க'ன்னு மேல சொன்னேன்ல? போன மாசம் ஒரு சனிக்கிழமை கோட்டையில இருக்கிற வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன் (அன்னிக்கு டிக்கெட் வாங்கித்தான்). மாரி செராஃபிக்ங்கிற நாந்த் கப்பலோட படம் அங்க இருக்கு. தண்ணி வண்ணத்துல, அளவு பிசகாம, எஞ்சினியரிங் டிராயிங் மாதிரி. பீப்பாய் எங்க, அரிசி எங்க, 307 மனுஷங்க எந்த வரிசையில. வரைஞ்சவன் கை நடுங்கவே இல்லை.

அந்தக் கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன சரக்குல பெரும்பங்கு துப்பாக்கியில்ல, சாராயமில்ல. துணி. அதுலயும் இந்தியத் துணி. இந்திய அச்சுத் துணி உள்ளூர் நெசவைக் கெடுக்குதுன்னு பிரான்ஸ் 1686லேர்ந்து 1759 வரைக்கும் தடை போட்டிருந்துச்சு. பிரான்ஸ்ல யாரும் உடுத்தக்கூடாது, ஆனா ஆப்பிரிக்காவுக்கு ஏத்தலாம். கீழை நாட்டுச் சரக்கை ஏலம் விட்ட பிரெஞ்சுக் கம்பெனியோட விற்பனை 1733 வரைக்கும் இதே நாந்த்லதான் நடந்துச்சு. அப்புறம்தான் லோரியான் துறைமுகத்துக்குப் போச்சு.

அவுரி சாயம் ஏத்தின நீலப் பருத்தித் துணி ஒண்ணு, பிரெஞ்சுல பேரு 'கினே'. ஆப்பிரிக்காவுல கினி கரைக்குப் போற துணிங்கிறதால வந்த பேர். நெய்ஞ்சது சோழமண்டலக் கரையில. பாண்டிச்சேரியிலயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும். செனகல்ல அந்த நீலத் துணி கிட்டத்தட்ட பணம் மாதிரியே புழங்குச்சு. ஒரு சாமானுக்கு இத்தனை கினேன்னு கணக்கு. அப்ப ஒரு ஆளுக்கு?

எங்க தாத்தா நெசவாளி. குறிஞ்சிப்பாடியில குழித்தறி. நான் சின்னப் பையனா இருக்கிறப்ப தார் சுத்திக் குடுத்திருக்கேன். சத்தம் இன்னும் காதுல இருக்கு. தாத்தா நெய்ஞ்சது கைலி, கினே இல்லை. நடுவுல இருநூறு, முந்நூறு வருஷம். எங்க முன்னோர் யார் என்ன நெய்ஞ்சாங்கன்னு எந்த ஏடும் இல்லை. ஆனாலும் அந்த ஆத்தங்கரையில நின்னு அப்பாவுக்குப் போன் போடாம இருக்க முடியலை. அங்க ராத்திரி எட்டரை.

"என்னப்பா, சாப்பிட்டியா? குளுருதா?" வழக்கமான ஆரம்பம். விஷயத்தைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசலை. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன்.

"உங்க தாத்தா காலத்துல, முதலாளி பாவு குடுப்பாரு, நெய்ஞ்சு எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு கூலி வாங்கிட்டு வருவாரு. ஏதோ வெளிநாட்டுக்குப் போகுதும்பாங்க. எந்த நாடுன்னு கேட்டதில்லை. நெய்யிறவனுக்குத் துணி எங்க போகுதுன்னு என்னிக்குடா தெரிஞ்சிருக்கு?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களா?"

"கேட்டவனுக்கு அடுத்த பாவு கிடைச்சிருக்குமான்னு கேளு" அப்படின்னார். அப்புறம் போனை அம்மாகிட்டக் குடுத்துட்டார்.

அந்தக் கால நெசவாளிங்க நிலைமையும் அதுதான். கம்பெனி வியாபாரிக்கு முன்பணம் குடுக்கும், வியாபாரி நெசவாளிக்குக் குடுப்பான், கடனை நெய்ஞ்சு தீக்கணும். பாண்டிச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736லேர்ந்து எழுதின நாட்குறிப்பைப் புரட்டினா துணி வியாபாரிங்க பஞ்சாயத்து வந்துக்கிட்டே இருக்கும். நம்ம கரையிலேர்ந்தே ஆட்களைப் பிடிச்சு ரியூனியனுக்கும் மொரீஷியஸுக்கும் அடிமைகளா ஏத்துனது தனிக் கதை. அதனால நெசவாளி குத்தவாளின்னு நான் சொல்ல வரலை. ஆனா அவன் கையால நெய்ஞ்சது அந்தக் கணக்குல ஒரு வரியா இருந்துச்சு. அதைத் தெரிஞ்சுக்கிற வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கலை. எனக்கு சும்மா நடந்து போற வழியில கிடைச்சுது.

நிறுத்தம் நாலு: கல் குவாரியில வாழை மரம்

எதுத்த கரையில, பழைய கப்பல் கட்டுற தளத்துல 12 மீட்டர் உயர இயந்திர யானை ஒண்ணு இருக்கு. 2007லேர்ந்து ஜனங்களை முதுகுல ஏத்திக்கிட்டு நடக்குது, தும்பிக்கையால தண்ணி பீச்சுது. ஏற டிக்கெட் உண்டு. சபதத்தின்படி பாக்கிறதோட சரி. உண்மையச் சொன்னா அன்னிக்கு யானை ஏற மனசும் இல்லை.

கார் மாரித்தீம் நிறுத்தத்துல இறங்கி ஆத்தோரமா நடந்தா 'ஜார்தேன் எக்ஸ்த்ரோர்தினேர்', அதாவது அசாதாரணத் தோட்டம். பழைய கருங்கல் குவாரி. 2019 செப்டம்பர்ல தோட்டமாத் திறந்தாங்க. செங்குத்துப் பாறை தெற்கு பாத்து இருக்கிறதால வெயிலைப் பிடிச்சு வெச்சுக்கும், குளிர்காத்து உள்ள வராது. அதனால மத்த இடத்துல பொழைக்காத செடியெல்லாம் இங்க வளருது. மரம் மாதிரி வளர்ற பெரணி, வாழை. பிரான்ஸ்ல வெட்டவெளியில வாழையைப் பாத்ததும் ஊர்க்காரனைப் பாத்த மாதிரி ஒரு சந்தோஷம். பாறை உச்சியிலேர்ந்து 25 மீட்டர் அருவி கொட்டுது.

அங்க நெறைய ஆப்பிரிக்கக் குடும்பங்க வந்திருந்தாங்க. பளிச்னு மஞ்சளும் நீலமுமா அச்சுத் துணியில கவுன் போட்ட ஒரு அம்மா, அருவி முன்னாடி பசங்களை நிக்க வெச்சு என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னாங்க. மூணு எடுத்தேன். நடுப் பையன் மூணுலயும் கண்ணை மூடிட்டான். நாலாவதுல சரியாச்சு. அவங்க டப்பாவுலேர்ந்து பொரிச்ச வாழைப்பழம் ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. ஆக, சபதம் நிறைவேறிடுச்சு. அன்னிக்கு மொத்தச் செலவு பூஜ்யம் யூரோ, வரவு ஒரு வாழைப்பழம்.

திங்கக்கிழமை

திங்கக்கிழமை ஆபீஸ் போய் டீம் லீட்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன். "நாம எழுதுற இந்த மாட்யூல் கடைசியில எங்க போகுது?" ஒன்றரை வருஷமா எழுதுறேன். எனக்குத் தெரிஞ்சது, ஒரு பக்கம் ஒரு ஃபைல் வரும், கணக்குப் போட்டு இன்னொரு பக்கம் ஒரு ஃபைல் அனுப்பணும். டெஸ்ட் பாஸ் ஆனா போதும். அவர் சிரிச்சுட்டு, "க்ளையன்ட்டோட க்ளையன்ட்டோட க்ளையன்ட், பழைய டாக்குமெண்ட்ல பாரு"ன்னார்.

பாத்தேன். வியாழக்கிழமை பாதி தெரிஞ்சுது. எங்கேயோ ஒரு துறைமுகக் கிடங்குல நிக்கிற பெட்டிகளுக்கு நாள் கணக்குல வாடகை போடுற வேலை. பெட்டி நம்பர் உண்டு, எடை உண்டு, வந்த தேதி, போற தேதி உண்டு. உள்ள என்ன இருக்குங்கிறதுக்கு அந்த ஃபைல்ல ஒரு காலம் கூட இல்லை. தப்பா எதுவும் இருக்கும்னு நான் நினைக்கலை. செருப்போ, சோலார் தகடோ, எலுமிச்சம்பழமோ இருக்கும். ஆனா கேட்டேன். கேட்டதால அடுத்த பாவு நிக்காத காலத்துல வேலை பாக்கிறேன், அதுக்காவது கேட்டு வெக்கலாம்ல?

மிச்சப் பாதியை இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்.

நீங்க யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா ஞாயித்துக்கிழமையா வாங்க. ஒண்ணாம் நம்பர் லைன், கிழக்கேர்ந்து மேற்கு. முதல்ல மக்னோலியா, அப்புறம் கண்ணாடிப் பாளம், கடைசியில அருவி. இந்த வரிசையிலேயே போங்க. மக்னோலியாவைப் பாத்துட்டு ஆத்தங்கரைக்கு வந்தாத்தான் அது எந்த வழியா வந்துச்சுன்னு புரியும். கண்ணாடியைப் பாத்துட்டு உடனே ரூமுக்குப் போனா ராத்திரி தூக்கம் வராது, அதுக்குத்தான் அருவி. சாப்பாடு கையோட எடுத்துட்டு வாங்க, ஞாயித்துக்கிழமை ஒரு கடையும் இருக்காது. வெர்சாய் தீவுல பாட்டி யாராவது "எங்கேர்ந்து வரீங்க"ன்னு கேட்டா பாண்டிச்சேரின்னு சொல்லிப் பாருங்க. அஞ்சு ஊரும் வரிசையா வருதான்னு எனக்கும் சொல்லுங்க :-)